பின்கட்டு இல்லாத வீடு

மலைச்சரிவில் இருந்த அந்த ஓய்வில்லத்தில் நாங்கள் தங்கியது நான்கே நாட்கள்தான் என்றாலும், திரும்பி வந்து கதவைத் திறந்த அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டு வரவேற்பறை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அங்கே எங்களுக்குக் கொடுத்த அறையில் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பூச்சு, தரையிலிருந்து ஒரு சாண் உயரமே கொண்ட அகலமான கட்டில், சன்னலோரம் ஒற்றை நாற்காலி, சுவரோடு ஒட்டிய நீண்ட மரப்பலகை, இரண்டு விளக்குகள் ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. காலையில் வெயில் சுவரின் மேல் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க முடிந்தது. கண்ணை இழுத்துப் பிடிக்க அங்கே ஒரு பொருளும் இல்லாததால்தான் அந்த வெயில் என் கண்ணில் பட்டது என்பதை அப்போதே உணர்ந்தேன். நம் வீட்டையும் இப்படி மாற்றிவிட வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு விளங்க ஏழு மாதங்கள் ஆயின.

ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கிவிட்டோம். வரவேற்பறையை அடைத்துக்கொண்டிருந்த பழைய மர அலமாரியை விற்றோம். சமையலறையில் தலைக்கு மேல் இருந்த மூடிய பெட்டிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு திறந்த பலகைகளை மட்டும் பொருத்தினோம். சுவர்களுக்கு மைக்ரோசிமென்ட் பூசினோம். அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனே கொண்ட பூச்சு. இணைப்புக் கோடு இல்லாமல் தரையிலும் சுவரிலும் ஒரே பரப்பாக ஓடுவதால்தான் இன்றைய வீட்டு அலங்காரப் படங்களில் அதை எங்கும் பார்க்கிறோம். உயரம் குறைந்த சோஃபா ஒன்றை வாங்கினோம். வேலை முடிந்த அன்று மாலை எடுத்த படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அந்தப் படத்தில் எங்கள் வீடு ஓய்வில்லத்தைப் போலவே இருக்கிறது. ஒரே குறை, அறைக்குள் பேசினால் காலி மண்டபத்தில் பேசுவதுபோல எதிரொலித்தது. அலமாரியும் புத்தகங்களும் கனத்த திரைச்சீலையும் அதுவரை உறிஞ்சிக்கொண்டிருந்த ஓசைகள் எல்லாம் இப்போது வழுவழுப்பான சுவர்களில் பட்டுத் திரும்பின.

மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு, சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. சாவிக்கொத்துகள் இரண்டு, பிரிக்கப்படாத தபால், ஒரு திருப்புளி, எந்தக் கருவிக்கு உரியது என்று யாருக்கும் தெரியாத ஒரு சார்ஜர், மாத்திரை அட்டைகள், பாதி எரிந்த மெழுகுவர்த்தி, மகளின் வண்ணப் பென்சில்கள், அளவு நாடா, பழைய மூக்குக் கண்ணாடி, கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சட்டை என்று பட்டியல் நீண்டது. இவற்றில் ஒன்றைக்கூடத் தேவையற்றது என்று தூக்கி எறிய முடியாது. முன்பெல்லாம் இவை அந்தப் பழைய அலமாரியின் வயிற்றுக்குள் கிடந்தன. அதை விற்றபோது பொருள்களையும் சேர்த்து விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டோம் போலிருக்கிறது.

அன்றிரவுதான் ஓய்வில்லத்தில் பார்த்த ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் கூடுதல் போர்வை கேட்பதற்காகத் தாழ்வாரத்தின் கோடிவரை நடந்தேன். அங்கே சுவரின் நிறத்திலேயே ஒரு கதவு இருந்தது. கைப்பிடியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. அது பாதி திறந்திருந்ததால் உள்ளே பார்க்க முடிந்தது. எங்கள் அறையைவிடப் பெரிய அறை அது. கூரைவரை இரும்புச் சட்டங்கள். அவற்றில் அடுக்கடுக்காகத் துண்டுகள், தலையணைகள், உறைகள். கீழே வாளிகளும் துடைப்பான்களும், இஸ்திரி மேசை, சக்கரம் கழன்ற தள்ளுவண்டி, எங்கள் அறையில் இருந்த அதே நாற்காலியின் ஒரு கால் உடைந்த உடன்பிறப்பு, பெட்டி பெட்டியாக மின்விளக்குகள். நாங்கள் அனுபவித்த அமைதிக்கான சரக்கு முழுவதும் அந்த அறையில்தான் இருந்தது. நனைந்த துண்டைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனால், திரும்பி வரும்போது அது இருக்காது. அது போன இடம் இந்த அறை.

தமிழில் இதற்கு ஒரு நல்ல சொல் இருக்கிறது: பின்கட்டு. வந்தவர் கண்ணில் படாமல் வீட்டின் வேலையெல்லாம் நடக்கும் இடம். ஓய்வில்லங்களுக்கு மிகப் பெரிய பின்கட்டு இருக்கிறது. தங்க வருபவர்களிடம் அதைக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். அந்த அறைகளைப் பார்த்து மயங்கி நம் வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், முன்கட்டை மட்டும் நகலெடுத்துவிட்டுப் பின்கட்டை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். போதாக்குறைக்கு, நான்கு நாட்கள் அங்கே இருவர் வாழ்ந்தது ஒரே ஒரு பெட்டியிலிருந்துதான். குளிர்காலத் துணி, வரிக் கணக்குக் காகிதங்கள், பழுதான மின்விசிறி, சென்ற ஆண்டின் பள்ளிக்கூட நோட்டுகள் ஆகிய எவற்றையும் அந்த அறை சுமக்க வேண்டியிருக்கவில்லை. வீடு இவை எல்லாவற்றையும் சுமந்தாக வேண்டும்.

இந்த நோக்கில் திரும்பிப் பார்த்தால், நவீன வடிவமைப்பு உலகம் கொண்டாடும் சில புகழ்பெற்ற ஓய்வில்லங்களும் வேறு விதமாகத் தெரிகின்றன. லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞர் பிரான்சின் தென்கரையில், ரோக்புரூன் கப் மார்த்தன் என்ற இடத்தில், 1952-இல் தனக்கென ஒரு சிறு மரக்குடிலை அமைத்துக்கொண்டார். உள்ளளவு 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், உயரம் 2.26 மீட்டர். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கைகழுவும் தொட்டி, பெட்டி போன்ற முக்காலிகள், திரைக்குப் பின்னால் கழிப்பிடம். ஒரு மனிதனுக்கு இவ்வளவு இருந்தால் போதும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இன்றுவரை அந்தக் குடிலைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் அதில் சமையலறை கிடையாது. குடிலை ஒட்டியே ஓர் உணவகம் இருந்தது. அதற்குள் நேராகப் போக ஒரு கதவும் வைத்திருந்தார். வரைபட வேலைக்கும் சில அடிகள் தள்ளித் தனியாக ஒரு சிறு கொட்டகை இருந்தது. எளிமைதான், மறுக்கவில்லை, ஆனால் அவருடைய பாத்திரங்களைக் கழுவியது பக்கத்து உணவகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பிளேனோ ஊருக்கு அருகே, ஆற்றங்கரையில், மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்து 1951-இல் முடிந்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லத்தின் கதை இன்னும் கூர்மையானது. இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நான்கு புறமும் கண்ணாடி. நடுவில் சமையலறையையும் குளியலறைகளையும் உள்ளடக்கிய ஒரு மரப்பெட்டகம். வேறு சுவரே இல்லை. வார இறுதி ஓய்வுக்காக அதைக் கட்டச் சொன்னவர் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற மருத்துவர். 1953-இல் ஓர் இதழுக்கு அளித்த பேட்டியில் அவர் சொன்ன குறை எனக்கு மறப்பதே இல்லை: பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குப்பைக்கூடை வைக்க முடியவில்லை, ஏனென்றால் வீட்டுக்கு வரும் பாதையிலிருந்தே சமையலறை முழுவதும் தெரிகிறது, கூடை ஒன்று அங்கே இருந்தால் மொத்த வீட்டின் தோற்றமும் கெட்டுவிடும் என்றார். துணிகளைத் தொங்கவிடவும் இடம் போதாமல், பின்னர் தேக்கில் ஓர் அலமாரி செய்து வைக்க வேண்டியதாயிற்று. உலகின் அழகான வீடுகளில் ஒன்று என்று நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு குப்பைக்கூடையைத் தாங்க முடியாத அழகு நமக்கு எதற்கு என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்தக் கூடைக்கு விடை கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர், ஃபிராங்க்ஃபர்ட் நகரின் புதிய குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். இன்றைய மாடுலர் சமையலறைகளுக்கெல்லாம் பாட்டி அதுதான். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். சன்னலுக்குக் கீழே வேலைப்பலகை. நறுக்கிய கழிவுகளைத் தள்ளிவிட அந்தப் பலகையிலேயே கழற்றி எடுக்கக்கூடிய ஓர் இழுப்பறை. உலர் பொருள்களுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். அவற்றை அப்படியே உருவி எடுத்து, மூக்குப் போன்ற வாய்வழியே சாய்த்துக் கொட்டலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரத்தால் ஆன பெட்டி, ஏனென்றால் ஓக் மரத்தைப் புழுக்கள் அண்டாது என்று கருதினார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் இடம் எது, அந்த இடத்துக்குக் கை எட்டுமா, எத்தனை அடி நடக்க வேண்டும் என்று நேரம் கணித்து வரைந்த வரைபடம் அது. ஒரு பொருள் எங்கே போய் உட்காரும் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்காமல் முதலில் கேட்டவர் அவர்.

இன்னொருவர் ஐரிஷ் வடிவமைப்பாளர் ஐலீன் கிரே. லெ கொர்புசியேயின் குடில் பிற்பாடு எழுந்த அதே சரிவில், சற்றுக் கீழே, 1926-க்கும் 1929-க்கும் இடையில் இ-1027 என்ற கடற்கரை ஓய்வில்லத்தை அவர் கட்டினார். வெள்ளைச் சுவர், தட்டைக் கூரை, கடலைப் பார்த்த நீள சன்னல்கள் என வெளித்தோற்றம் அக்கால நவீனத்துக்கு உரியதே. உள்ளே நுழைந்தால்தான் அவருடைய மூளை தெரியும்: சுவர்களுக்குள் புதைந்த அலமாரிகள், சுழன்று திறக்கும் இழுப்பறைகள், தலையணைகளுக்கும் இரவு உடைகளுக்கும் தனித்தனி இடம், அந்தந்த இடத்தின் மேல் அச்சுத்தகட்டு எழுத்துகளில் எழுதிவைத்த பெயர்கள். விருந்தினர் யாரையும் கேட்காமலே எதையும் எடுக்கலாம், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கலாம். ஓய்வில்லத்தின் அமைதியையும் வீட்டின் சுமையையும் ஒரே கூரைக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. இரண்டில் எங்கே குடியிருப்பாய் என்று என்னிடம் யாராவது கேட்டால், குடிலைப் பார்த்துவிட்டு வந்து கிரேயின் வீட்டில்தான் தூங்குவேன்.

ஆகவே இரண்டாவது முறை வேலையைத் தொடங்கியபோது நிற அட்டைகளைக் கையிலேயே எடுக்கவில்லை. இரண்டு வாரங்கள் வீட்டில் இருக்கும் பொருள்களை அளந்தோம். ஆம், அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அளந்தோம். துணி மாட்டும் ஹேங்கரின் அகலம் 42 முதல் 45 சென்டிமீட்டர். அதனால் துணி அலமாரிக்கு உள்ளளவு 55 சென்டிமீட்டராவது வேண்டும், இல்லையென்றால் சட்டைக் கைகள் கதவில் சிக்கும். புத்தகங்களுக்கு 25 சென்டிமீட்டர் போதும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் புத்தகம் வைத்தால், முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை உருவாகி, அந்தப் பின்வரிசை யாருக்கும் நினைவில்லாமல் போய்விடும். இந்த இரண்டு ஆழங்களையும் ஒரே சுவரில் கலந்துவிடக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம். பெரிய சுவர் முழுவதையும் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தரையிலிருந்து கூரைவரை மூடினோம். தாழ்வாரச் சுவரில் 25 சென்டிமீட்டரில் மெல்லிய வரிசை ஒன்று. கூரையை ஒட்டிய பரணில் ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பவை. இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே அன்றாடம் எடுப்பவை. முழங்காலுக்குக் கீழே கதவுகளே வேண்டாம், இழுப்பறைகள் மட்டும். குனிந்து கதவைத் திறந்து, இருட்டுக்குள் தலையை நுழைத்துத் தேட யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. அதனால்தான் கீழ்த்தட்டுக்குப் போக வேண்டிய பொருள்கள் மேசையிலேயே தங்கிவிடுகின்றன. முழுவதும் வெளியே வரும் சேனல் பொருத்திய இழுப்பறையில் கடைசி மூலையில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியும்.

அறையின் சுவர்களில் ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டியிருந்ததில் எனக்கு வருத்தம் இருந்தது. அறுபது சென்டிமீட்டர் போனால் அறை சிறுத்துவிடுமே என்று பயந்தேன். நடந்தது வேறு. கதவுகள் சுவரின் நிறத்திலேயே, சுவரின் கோட்டிலேயே நின்றதால் கண் அதை அலமாரி என்று படிக்கவே இல்லை. சுவர் சற்று முன்னால் வந்துவிட்டதாக மட்டும் படித்தது. தரையில் பரவிக் கிடந்தவை உள்ளே போனதால் நடக்கும் இடம் கூடிற்று. அளவில் சிறிதான அறை உணர்வில் பெரிதானது எப்படி என்று வந்தவர்கள் கேட்கிறார்கள்.

தச்சர் எங்களைவிடத் தெளிவானவர். "சார்ஜர் எங்கே வைப்பீர்கள்?" என்று முதல் நாளே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தாழ்வார வரிசையில் இடுப்பு உயரத்தில் ஓர் இழுப்பறையின் பின்புறத்தில் மின் சாக்கெட்டைப் பொருத்தி, கைப்பேசிகள் எல்லாம் உள்ளேயே மின்னூட்டம் பெறும்படி செய்தார். வெப்பம் வெளியேறப் பின்பலகையில் துளைகளும் இட்டார். இணைய ரௌட்டருக்கும் அதுபோலவே காற்று போகும் சட்டத்துடன் ஒரு மாடம். படங்களில் நாம் பார்க்கும் அறைகளில் மின்கம்பி எதுவும் ஓடுவதில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு கறுப்புக் கம்பி சுவரோரம் நெளிந்து ஓடினால் போதும், விலையுயர்ந்த பூச்செல்லாம் கண்ணிலிருந்து மறைந்து கம்பி மட்டும்தான் தெரியும்.

தவறுகளும் செய்தோம். கைப்பிடி இல்லாத கதவுகள் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அழுத்தினால் திறக்கும் வகையைப் பொருத்தினோம், அதுவும் கரு நிற மேட் லேமினேட்டில். ஒரு வாரத்தில் கதவெங்கும் விரல் தடங்கள். அன்றாடம் திறக்கும் கதவுகளுக்கு, விளிம்பில் விரல் நுழையும் பள்ளம் வெட்டியிருந்தால் இந்தத் துடைக்கும் வேலையே இருந்திருக்காது. மற்றொன்று, குறுக்குத் தடுப்பு எதற்கு என்று 110 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே பலகையாக வைக்கச் சொன்னேன்; பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் புத்தகங்களின் எடையில் ஆறே மாதத்தில் நடுவில் தொய்ந்துவிட்டது. தச்சர் அன்றே எச்சரித்தார் என்பதை அவர் நினைவுபடுத்தவில்லை; அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி.

வெளிச்சத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுவும் மறைக்க வேண்டிய ஒன்றுதான். டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1920-களின் நடுவில் வடிவமைத்த மூன்றடுக்கு விளக்கின் நோக்கமே, எந்தக் கோணத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் உள்ளே இருக்கும் பல்பு கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்பதுதான். ஓய்வில்ல அறையில் கூரையில் ஒரு விளக்கும் இல்லை. முழங்கால் உயரத்திலும் தோள் உயரத்திலும் மட்டுமே வெளிச்சம் இருந்தது. எங்கள் வீட்டில் கூரையின் நடுவே 6500 கெல்வின் வெண்ணிறத்தில் எரிந்துகொண்டிருந்ததை அணைத்துவிட்டு, 2700 கெல்வின் இளமஞ்சள் ஒளியில் நான்கு விளக்குகளை மூலைகளில் தாழ வைத்தோம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறன் (சிஆர்ஐ என்ற அளவு) 90-க்கு மேல் உள்ள எல்இடி வாங்கினால் மரம் மரமாகவும் தோல் தோலாகவும் தெரியும். செலவில் மிகக் குறைந்தும் பலனில் மிகக் கூடியும் இருந்த மாற்றம் இதுதான். வாசிக்கும் நாற்காலிக்கு அருகில் மட்டும் பிரகாசமான ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் உள்ளே தள்ளிவிட்டால் வீடு மறுபடியும் யாரோ ஒருவருடைய வாடகை அறைபோல ஆகிவிடும் என்பதையும் பிறகு கண்டுகொண்டேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் என்ற வடிவமைப்பாளர் இணையர் 1949-இல் தொழிற்சாலையில் ஆயத்தமாகக் கிடைத்த உறுப்புகளைக் கொண்டு கட்டிக்கொண்ட வீட்டின் உட்புறப் படங்களைப் பாருங்கள். பொம்மைகள், சிப்பிகள், கூழாங்கற்கள், கம்பளங்கள், செடிகள், புத்தகங்கள் என்று நிரம்பி வழிகிறது அந்த வீடு. ஆனாலும் அது அலங்கோலமாகத் தெரிவதில்லை. அங்கே ஒவ்வொன்றையும் ஒருவர் எடுத்துப் பார்த்து, யோசித்து, ஓரிடத்தில் வைத்திருக்கிறார். எங்கள் மேசையின் முப்பத்தொரு பொருள்களில் ஒன்றைக்கூட யாரும் வைக்கவில்லை, அவை தாமாக வந்து இறங்கியிருந்தன. அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: வரவேற்பறையின் நீளப் பலகையில் மூன்று பொருள்களுக்கு இடம். மகள்தான் அவற்றைத் தேர்ந்தெடுப்பாள். சென்ற மாதம் ஒரு கிளிஞ்சல், ஒரு பித்தளைப் பூட்டு, அவள் களிமண்ணில் செய்த ஆமை. ஆமைக்கு மூன்று கால்தான்.

இப்போதும் தாழ்வார அலமாரியின் கடைசிக் கதவைத் திறந்தால் எங்கள் பின்கட்டு தெரியும்: இஸ்திரி மேசை, வாளி, துடைப்பான், விடுமுறைக்கு எடுத்துப்போகும் அந்தப் பெட்டி. விருந்தினர்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது மனைவி அந்தக் கதவைத்தான் முதலில் திறந்து காட்டுகிறாள். மேசையைச் சற்றுமுன் எண்ணினேன், ஐந்து. அதில் ஒன்று அந்த மூன்றுகால் ஆமை; நான்காவது காலை ஒட்டுவதற்காக இறக்கி வைத்திருக்கிறாள், பசை எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.